ஆவணக் கட்டுக்கு என்ன நோய்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஆவணப் பாதுகாப்பு வேலையில் சேர்ந்த புதிதில், காகிதத்துக்குக் காலம்தான் எதிரி என்று நம்பியிருந்தேன். சில வருடங்களில் அந்த நம்பிக்கை போய்விட்டது. இருநூறு வயதுத் தாள் மொறமொறப்புக் குறையாமல் இருக்கும். அறுபது வயதுத் தாள் அப்பளமாக நொறுங்கும். நொறுங்கியதைக் கூர்ந்து பார்த்தால், நடுவில் யாரோ நல்ல எண்ணத்தோடு ஒட்டிய டேப் இருக்கும், தூவிய மருந்து இருக்கும், இறுக்கிப் போட்ட பைண்டிங் இருக்கும். அதனால் இப்போதெல்லாம் கட்டைப் பிரித்ததும் முந்தைய வைத்தியரின் கைவேலையைத்தான் முதலில் தேடுகிறேன். நோயைவிட வைத்தியம் அதிகச் சேதம் செய்திருக்கும் இடம் இது.

புது டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் 'இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மென்ட்' என்ற பெயரில் தொடங்கியது அது. தலைநகர் மாறியதும் கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் வரைந்த கட்டடத்துக்கு 1926இல் குடிபெயர்ந்தது. வங்காளத்துப் புழுக்கத்தில் பல காலம் ஊறிய கம்பெனிக் காலத் தாள்கள், பிறகு டெல்லியின் வறண்ட கோடைக்கும் மழைக்கால ஈரத்துக்கும் நடுவே ஊசலாடின. ஆனால் கீழே சொல்லும் அறிகுறிகள் தாலுகா அலுவலக ரெக்கார்டு ரூமிலும் வரும், உங்கள் வீட்டுப் பத்திரப் பெட்டியிலும் வரும்.

தொடும் முன் மூன்று காரியம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். காகிதத்துக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாம். விரலுக்கு உணர்வு போய், கிழிசல் விளிம்பில் நூல் மாட்டும். புகைப்படத்துக்கும் பிலிமுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை. அடுத்து, நாடாவை அவிழ்க்கும் முன்பும் அவிழ்த்த பின்பும் போனிலாவது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் போடுவதானால் பென்சில்தான். பேனா அறைக்குள்ளேயே வரக்கூடாது.

மடித்த இடத்தில் தாள் ஒடிகிறது

எங்கே பழுப்பேறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழுப்பு இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். தாள் முழுக்க ஒரே சீராகப் பழுப்பு என்றால் அமிலம் காகிதத்தின் உள்ளேயே இருக்கிறது. நான்கு ஓரமும் பழுத்து நடு வெளுப்பாக இருந்தால் காற்றிலிருந்தோ அட்டையிலிருந்தோ வந்தது. நடுவில் சதுரமாக ஒரு கறை என்றால் அங்கே ஒரு செய்தித்தாள் துண்டோ சீட்டோ வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது. அதை எடுத்துத் தனி உறையில் போட்டாலே பரவுவது நிற்கும். தைத்த முதுகை ஒட்டி மட்டும் பழுப்பு என்றால் பசையைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர் பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, உண்மைதான். ஆனால் அதிலுள்ள செம்பு, காகித நாரை வேகமாக அரிக்கும்.

தாள் முழுதும் அமிலம் என்றால் பெரும்பாலும் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வந்த மில் காகிதம். அதற்கு முன் கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம் நெடுநாள் தாங்கியது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறை 1807இல் ஜெர்மனியில் வந்தது; பிறகு மரக்கூழும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்த காகிதம் தன் சாவைத் தானே சுமந்துகொண்டு பிறக்கிறது.

எழுதாத ஓரத்தில் பிஎச் அளவு பாருங்கள். 5க்குக் கீழே என்றால் தாமதிக்க வேண்டாம். சுண்ணாம்புத் தெளிநீரிலும் பிறகு கால்சியம் பைகார்பனேட் நீரிலும் முக்கி அமிலத்தைத் தணிப்பது பழைய, சோதித்த முறை. ஆனால் முக்கும் முன் ஒவ்வொரு நிற மையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து மையொற்றித் தாளால் அழுத்திப் பாருங்கள். ஊதா ரப்பர் ஸ்டாம்பும் சிவப்பு மையும் ஓடிவிடும். ஒரு துறைச் செயலரின் கையெழுத்து தொட்டியில் கரைந்து போவதை ஒருமுறை பார்த்தவர் இந்தச் சோதனையை மறக்கமாட்டார்.

இன்னொன்று: அமிலத்தைத் தணிப்பது அழிவை மெதுவாக்கும், இழந்த வலுவைத் திருப்பித் தராது. ஏற்கெனவே நொறுங்கும் தாளை ஒருமுறை கவனமாக ஸ்கேன் செய்து, அமிலமற்ற உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எழுத்தின் வடிவம் தீய்ந்தது போலப் பழுப்பாகத் தெரிந்தால் இரும்பு மை அரிப்பு. மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின் மூன்றும் சேர்ந்தது அந்த மை. நாட்டு மருந்துக் கடைச் சாமான்தான். ஐரோப்பியக் கம்பெனிகளின் குமாஸ்தாக்கள் எல்லாரும் அதில்தான் எழுதினார்கள். அன்னபேதி கூடிப்போனால் மிச்ச இரும்பு காகிதத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும். கூடவே உருவாகும் கந்தக அமிலம் நாரை வெட்டும். முதலில் பழுப்பு, பிறகு வெடிப்பு, பிறகு எழுத்தே உதிர்ந்து ஜன்னல் போல ஓட்டை. ஈரம் மிகுந்த ஊரில் இதன் வேகம் கூடும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் இதை நிறையப் பார்க்கலாம். நெதர்லாந்து, இந்தோனேசியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று சிதறிக் கிடக்கும் அந்தத் தொகுப்பை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் இந்தியப் பங்கு எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் கொச்சியை ஆங்கிலேயர் பிடித்தபோது கைமாறி வந்த மலபார்க் கடிதங்கள் அவை.

சோதனை எளிது. பேத்தோஃபெனாந்த்ரோலின் தடவிய சோதனைச் சீட்டை வாலை வடித்த நீரில் நனைத்து, ஈரம் போதுமளவு ஒற்றிவிட்டு, மையின் மேல் அரை நிமிடம் அழுத்துங்கள். சீட்டு இளஞ்சிவப்பானால் இன்னும் வேலை செய்யும் இரும்பு உள்ளே இருக்கிறது.

இதற்கு முக்கியமாகச் செய்யக்கூடாதது: அரைகுறையாகத் தண்ணீர் காட்டுவது. ஈரப் பசை தடவி ஒட்டினால் மிச்ச இரும்பு மையைவிட்டு வெளியேறி, நல்லாயிருந்த வெள்ளை இடத்துக்குப் பரவும். பழைய ஒட்டுகளைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால் அது இப்படி வந்ததுதான். மேலே சொன்ன சுண்ணாம்பு நீரும் இதற்கு ஆகாது. காரம் ஏறினால் கருப்பு மை பழுப்பாகிவிடும்.

வெடிப்பு இருந்தால் ஜெலட்டின் தடவி முன்பே காயவைத்த மெல்லிய ஜப்பானியத் தாளை, ஒட்டும் அளவுக்கு மட்டும் ஈரம் ஏற்றி, பின்பக்கம் ஒட்டுங்கள். முழுச் சிகிச்சை வேண்டுமென்றால் கால்சியம் ஃபைட்டேட் முறை. நெதர்லாந்தில் 1990களில் உருவானது. ஃபைட்டேட் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும். (நம் அரிசித் தவிட்டில் தாராளமாக இருக்கும் பொருள்தான் ஃபைட்டேட். அதற்காகத் தவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்துவிடாதீர்கள்.) ஆய்வுக்கூடமும் பழகிய கையும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அதுவரை தாளை வளைக்காமல் கெட்டி அட்டை மேல் வைத்து நகர்த்துங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

தாளின் மேல் கண்ணாடி போல ஒரு படலம், மஞ்சளித்துக் குமிழ் விடுகிறது

இந்த வியாதிக்குப் பெயரே வைத்தியத்தின் பெயர்: லேமினேஷன். அமெரிக்காவில் பாரோ என்பவர் செல்லுலோஸ் அசிடேட் படலத்தைச் சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தாளோடு ஒட்டும் இயந்திரத்தை 1930களில் கொண்டுவந்தார். இயந்திரத்துக்குப் பணமும் மின்சாரமும் வேண்டும். டெல்லி காப்பகத்தின் ஆய்வுக்கூடம் 1950களில் வேறு வழி கண்டது. தாளின் இருபுறமும் அசிடேட் படலம், அதன் மேல் டிஷ்யூ தாள் வைத்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தால் போதும். படலம் இளகி நாரோடு ஒட்டிக்கொள்ளும். மேசை, பஞ்சு, கை, வேறெதுவும் வேண்டாம். உலகம் இதை 'இந்திய முறை' என்றே அழைத்தது. ஏழை நாடுகளின் காப்பகங்களுக்கு அது பெரிய கொடை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் படலம் இல்லாவிட்டால் எத்தனையோ தாள்கள் இன்று பொடியாகக்கூட இருந்திருக்காது.

ஆனால் அமிலத்தைத் தணிக்காமல் லேமினேட் செய்த தாளில் அமிலம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. படலமும் பல பத்தாண்டுகளில் சிதைந்து தானே அசிட்டிக் அமிலம் விடத் தொடங்கும். முகர்ந்து பாருங்கள். காடி வாசனை வந்தால் எடுக்கத்தான் வேண்டும். வாசனையும் இல்லை, நிறமும் மாறவில்லை, வளைத்தால் வெடிக்கவில்லை என்றால் தொடாதீர்கள். பட்டியலில் குறித்துவிட்டு ஐந்து வருடம் கழித்து மறுபடி பாருங்கள்.

எடுக்கும் வழி, வந்த வழிதான். எவர்சில்வர் தட்டில் அசிட்டோன் ஊற்றி, இரு வலைத்துணிகளுக்கு நடுவே தாளை வைத்து முக்கி, மூடிவைத்து, அசிட்டோனை மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். ஆவியை இழுத்து வெளியேற்றும் கூண்டின் கீழ் மட்டுமே, பக்கத்தில் சுவிட்சுகூட இல்லாத இடத்தில். பால்பாயின்ட் மையும் ஸ்டாம்பு மையும் அசிட்டோனில் கரையும் என்பதால் இங்கும் முதலில் சொட்டுச் சோதனை.

கடையில் ஐடி கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் லேமினேஷன் வேறு சாதி. அதை அசிட்டோன் கரைக்காது. பத்திரத்தையோ சான்றிதழையோ அந்தக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். போட்ட பிறகு என்னிடம் கொண்டுவந்தவர்களுக்கு நல்ல பதில் எதுவும் என்னிடம் இருந்ததில்லை.

செல்லோடேப்பும் இதே குடும்பத்துக் கதை. புதிதாக ஒட்டியதை இன்றே எடுங்கள், மெல்லச் சூடாக்கிய தட்டைக் கத்தியை அடியில் செலுத்தி. பழையது தானே உதிரும், பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாக நிற்கும். அந்தக் கறை முழுதாகப் போகாது.

பஞ்சு போலவோ மாவு போலவோ படிந்திருக்கிறது

மெல்லிய தூரிகையால் ஓர் ஓரத்தில் தொடுங்கள். இழுபட்டு அப்பினால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது; பொடியாகப் பறந்தால் உறங்குகிறது. உயிரோடு இருப்பதைத் துடைக்கக்கூடாது, தாளுக்குள் தேய்த்துவிடுவீர்கள். காற்றோட்டமான நிழலில் உலர்த்தி உறங்க வைத்த பிறகுதான் தூரிகையும் நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரும். முகத்துக்கு என்95 கவசம் கட்டாயம். வெயிலில் காயப்போடும் நம் வீட்டுப் பழக்கம் வற்றலுக்கு நல்லது, காகிதத்துக்கு ஆகாது.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் சில நாள் நின்று, காற்று அசையாமல் இருந்தால் பூஞ்சை வரும். ரேக் வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா? ஒரு சாணாவது தள்ளிப் போடுங்கள். மாலை ஆறு மணிக்கு ஏசியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்களா? அதுதான் பெரும்பாலும். பகலெல்லாம் குளிர்ந்த தாள்மேல் இரவின் ஈரக்காற்று படியும். நாள் முழுக்க ஓட்ட முடியாவிட்டால் ஏசியே வேண்டாம், மின்விசிறியும் சன்னலும் போதும். ஏறி இறங்கும் ஈரப்பதத்தைவிட ஒரே நிலையில் இருப்பது மேல்.

முன்பு பூஞ்சையைக் கொல்ல தைமால் ஆவி காட்டும் பெட்டிகள் இருந்தன. கீழே ஒரு பல்பு எரியும், ஆவி மேலே ஏறும். தைமால் ஆட்களுக்கு நல்லதில்லை, அறை ஈரமாகவே இருந்தால் பூஞ்சையும் திரும்பி வரும். அந்தப் பெட்டி உங்கள் இடத்தில் இருந்தால் பூட்டிவிடுங்கள்.

ஓட்டை, சுரண்டல், மண்

தின்ற விதம் பூச்சியைக் காட்டிக்கொடுக்கும். அம்பு பாய்ந்தது போலப் பக்கம் பக்கமாக ஒரே வட்ட ஓட்டை என்றால் ராமபாணம், வண்டின் புழு. சிலர் வெள்ளிப்பூச்சியையும் இதே பெயரால் அழைப்பார்கள், ஆனால் அது துளைக்காது. மேற்பரப்பை ஒழுங்கில்லாமல் சுரண்டி, பசையும் மாவும் உள்ள இடத்தில் மட்டும் தாளை மெலியச் செய்யும். மண் ஒட்டிக்கொண்டு உள்ளே குகையாகியிருந்தால் கரையான். கரையானுக்குக் கட்டில் மருந்து போட்டுப் பயனில்லை, அது தரையிலிருந்து வருகிறது. சுவரில் அதன் மண் தடத்தைத் தேடிப் போய்க் கட்டடத்துக்கு மருந்து போடுங்கள்.

புழுவுக்கு மருந்தில்லா வழியே நல்லது. கட்டைப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். அரக்கு முத்திரை உள்ளவற்றையும் கண்ணாடி நெகடிவையும் இதில் போடாதீர்கள். அவற்றுக்கு ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போட்ட இறுக்கமான பையில் மூன்று வாரம்.

பழைய கட்டுகளில் வெள்ளைத் தூள் கிடந்தால் ஊதித் தள்ளாதீர்கள். கமாக்சின், டிடிடி என்ற பூச்சிக்கொல்லிகளைத் தாராளமாகத் தூவிய காலம் ஒன்று இருந்தது. கையுறை, கவசம், தனிப் பை.

கட்டு நனைந்துவிட்டது

நேரம் குறைவு. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு நாளில் பூஞ்சை தொடங்கும். ஈரத்தோடு பிரிக்காதீர்கள், சேற்றைத் தேய்க்காதீர்கள். உலர்த்த முடிகிற அளவை விசிறிக் காற்றில், நடுநடுவே மையொற்றித் தாள் வைத்து, தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். மீதியை அப்படியே பையில் போட்டு உறையவையுங்கள். ஐஸ்கிரீம் கம்பெனியோ மீன் கிடங்கோ, யார் இடம் கொடுத்தாலும் சரி. உறைந்தபின் அவசரம் இல்லை. 1973இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராணுவப் பணியாளர் ஆவண மையம் எரிந்தபோது, தீயணைப்புத் தண்ணீரில் நனைந்த கோப்புகளை விண்வெளி ஆய்வுக்கான வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் மட்டும் விதிவிலக்கு: ஒருமுறை ஒட்டிக் காய்ந்தால் செங்கல்தான். அதை முதலில் கவனியுங்கள்.

பிலிம் டப்பாவைத் திறந்தால் காடி வாசனை

முன்பு சொன்ன அதே செல்லுலோஸ் அசிடேட்தான், இங்கே மைக்ரோபிலிம் வடிவில். சிதைவு தொடங்கினால் வெளிவரும் அமிலமே அதைத் துரிதப்படுத்தும். பக்கத்து ரீலுக்கும் தொற்றும். டப்பாவில் அமிலத்தைக் காட்டும் ஏ-டி சீட்டு ஒன்று போட்டு ஒரு நாள் விடுங்கள். நீலமாகவே இருந்தால் நலம். பச்சையானால் பிரித்து வையுங்கள், குளிரான இடத்துக்கு மாற்றுங்கள். மஞ்சளானால் உடனே ஸ்கேன் செய்து நகலெடுங்கள். எது அசிடேட், எது பாலியெஸ்டர் என்று தெரியவில்லையா? ரீலை விளக்குக்கு நேரே பக்கவாட்டில் பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் பாலியெஸ்டர், பயமில்லை.

பட்டியலில் இருக்கிறது, கைக்கு வரவில்லை

காகித வியாதிகளைவிட இதுதான் ஆய்வாளரை அதிகம் அழவைப்பது. வரிசையாகப் பாருங்கள்.

எண் இடம் மாறியிருக்கும்: 1871 கேட்டால் 1817 ரேக்கிலும், 236 கேட்டால் 263லும் தேடுங்கள். பழுதுபார்க்கும் பிரிவிலோ ஸ்கேன் பிரிவிலோ இருக்கலாம்; ரேக்கில் அதன் இடத்தில் 'எடுத்துச்சென்றவர்' அட்டை வைக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் இது அடிக்கடி நடக்கும். டெல்லியில் கேட்புச் சீட்டு 'என்.டி.' என்ற குறிப்போடு திரும்பினால் கோப்பு தொலைந்துபோய்விட்டது என்று பொருளில்லை. துறையிலிருந்து காப்பகத்துக்கு மாற்றப்படவே இல்லை என்று பொருள். அகரவரிசைப் பட்டியலைத் துறை முன்பே அச்சடித்துவிட்டது, கோப்பு துறையிலேயே நின்றுவிட்டது.

கோப்பு வந்தது, ஆனால் உயிர் இல்லை, முடிவு மட்டும் இருக்கிறது, வாதம் இல்லை என்றால்? பிரிட்டிஷ் காலத்து இந்திய அரசுத் துறைகள் முக்கியமான நடவடிக்கைகளை 'ஏ' என்றும், அடுத்ததை 'பி' என்றும் பிரித்தன. அதிகாரிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட குறிப்புகள் 'கே.டபிள்யூ.' என்ற தலைப்பில் தனியாக நிற்கும். 'கீப் வித்', அதாவது கோப்போடு சேர்த்து வை. சேர்த்து வைக்கச் சொன்னதைப் பிரித்து வைத்திருப்பார்கள். கே.டபிள்யூ. என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எல்லாம் பார்த்தும் இல்லை என்றால், யாராவது 'ஒழுங்குபடுத்தி' இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஓர் அலுவலகத்தில் ஆர்வமுள்ள ஒருவர், துறைவாரியாக இருந்த கட்டுகளைப் பிரித்து, பஞ்சம் எல்லாம் ஒரு பக்கம், ரயில் எல்லாம் ஒரு பக்கம் என்று பொருள்வாரியாக அடுக்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. பழைய எண்ணை வைத்து எதையும் எடுக்க முடியாமல் போனது. எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்றும் தெரியாமல் போனது. வந்த வரிசையைக் கலைக்காதே என்பதை மூன்று டச்சு ஆவணக்காப்பாளர்கள் 1898லேயே கையேடாக எழுதிவைத்தார்கள். பொருள்வாரியாக வேண்டுமென்றால் பட்டியலில் அடுக்குங்கள், ரேக்கில் வேண்டாம்.

இணையத்தில் தேடினால் 'எதுவும் இல்லை' என்கிறது

முதலில் எழுத்துக்கூட்டல். தஞ்சாவூரை டாஞ்சூர் என்றும், திருநெல்வேலியை டின்னவெலி என்றும், நாகப்பட்டினத்தை நெகபட்டம் என்றும் ஆங்கிலத்தில் எழுதிய காலம் அது. அடுத்து துறையின் பெயர். வெளியுறவுத் துறை 1914இல் 'ஃபாரின் அண்ட் பொலிட்டிகல்' ஆனது. 1937இல் இரண்டாகப் பிரிந்தது. ஒரே விவகாரம் மூன்று பெயர்களின் கீழ் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் பாட்டனார் ஊரைத் தேடுகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது; நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். கப்பலில் போனவர்களின் பெயர்ப் பட்டியல் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அரசுகளுக்கு இடையே நடந்த கடிதப் போக்குவரத்து டெல்லியிலும் எழும்பூரிலும். டெல்லியில் 'எமிக்ரேஷன்' கிளையை வருவாய் விவசாயத் துறையின் கீழ் தேடுங்கள். 1905க்குப் பிறகென்றால் வணிகத் தொழில் துறையின் கீழ். முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், கவுண்டர் 'கவண்டர்' ஆகியிருப்பார். காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாவின் காதை வைத்துத் தேட வேண்டும்.

வருடமும் ஏமாற்றும். சென்னை மாகாண வருவாய்க் கணக்குகள் பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும், 590 கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

பட்டியல் எழுதுபவருக்கு ஒரு வேண்டுகோள்: மூலத்தலைப்பில் உள்ள எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். அதை அப்படியே ஏற்றி, இன்றைய பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் தேடுசொல்லாகச் சேருங்கள். டெல்லி காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் 2015 முதல் ஆவணங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அங்கு தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் போடுங்கள்.

பழைய பட்டியல் கோப்பைத் திறந்தால் 'jkpo;' மாதிரி ஏதோ வருகிறது என்று ஒருவர் அனுப்பியிருந்தார். கோப்பு கெடவில்லை. யாரோ பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். ஆனால் யூனிகோடுக்கு மாற்றாமல் விட்டால் எந்தத் தேடலிலும் சிக்காது. மாற்றிய பிறகு எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் சரிபாருங்கள், மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழாக்கித் தொலைத்திருக்கும். பழைய தமிழ் அச்சை எழுத்துணரிக்கு (ஓசிஆர்) கொடுக்கும்போது 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை, றா, னா வடிவங்களில் அது தடுமாறும். பிழைகள் ஒரே மாதிரி வருவதால் மொத்தமாகத் திருத்தலாம்.

ஸ்கேன் செய்த படத்தில் கோளாறு

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நேர்கோடு: ஸ்கேனர் கண்ணாடியில் தூசி. பின்பக்க எழுத்து தெரிகிறது: தாளுக்கு அடியில் கருப்பு அட்டை. முதுகோரம் இருண்டு சொல் விழுங்கப்பட்டிருக்கிறது: புத்தகத்தைத் தட்டையாக அழுத்தாதீர்கள், வி வடிவத் தொட்டிலில் வைத்து எடுங்கள். நேற்றைய படம் நீலம், இன்றையது மஞ்சள்: நிற அட்டையை ஒவ்வொரு தொகுதியின் முதல் படத்திலும் வையுங்கள். பக்கம் குறைகிறது: ஸ்கேனுக்கு முன் பென்சிலால் தாள் எண் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வராது.

இடம் போதவில்லை என்று டிஃப் மூலப்படத்தை அழித்துவிட்டு ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடுங்கள்: ஏ4 தாள், 300 டிபிஐ, முழு நிறம் என்றால் சுமார் 26 எம்பி, ஒரு லட்சம் தாளுக்கு 2.6 டிபி. வன்தட்டு வாங்கலாம். அந்தத் தாளை மறுபடி புரட்டி ஸ்கேன் செய்ய அது தாங்குமா என்பதுதான் கேள்வி.

படம் பாதி வந்து, மீதி சாம்பல்

கோப்பு அரிக்கப்பட்டிருக்கிறது. ஏற்றும் நாளிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைத்திருந்தால், எந்த நகல் நல்லது என்று ஒரே ஓட்டத்தில் தெரியும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். டிவிடியில் எரித்து அலமாரியில் வைத்ததை நகல் என்று எண்ணாதீர்கள்; சாயம் மங்கிவிடும். கணினித் தரவு வைக்கும் காந்த டேப்பும் தலைமுறை பார்க்கும்: எல்டிஓ-8 இயந்திரம் எல்டிஓ-7 டேப்பைப் படிக்கும், 6ஐப் படிக்காது. இயந்திரம் மாற்றும் முன் டேப்பை மாற்றுங்கள்.

கடைசியாக, நீங்கள் கை வைத்த ஒவ்வொரு கட்டிலும் அமிலமற்ற தாளில் பென்சிலால் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: 'தாள் 14, 15 மட்டும். ஓரக் கிழிசல். கோதுமை மாவுச்சத்துப் பசை, ஜப்பானியத் தாள். மருந்து எதுவும் சேர்க்கவில்லை. மைமேல் தண்ணீர் படவில்லை. தாள் 16இல் பழைய டேப் இருக்கிறது, எடுக்க முயன்றேன், வரவில்லை, விட்டுவிட்டேன்.' கீழே தேதி, கையெழுத்து.